மாஸ்டர் வண்டி எடுக்கிறார்

"ரிப்பனை நீதான் வெட்டணும்," என்றாள் தங்கை, போனில். "நீ வரலேன்னா ரிப்பன் அதுபாட்டுக்குத் தொங்கட்டும். துணி தைக்க வர்றவங்க குனிஞ்சு உள்ளே வரட்டும்."

"வர்றேன்டி. ஞாயித்துக்கிழமை காலையிலதானே? வராம எங்கே போகப்போறேன்?"

"நீ மட்டும் வந்தா ஆச்சா? மாமாவும் வரணும்."

மாஸ்டரம்மா போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். அப்படி மாற்றினால் பேச்சும் மாறிவிடும் என்று ஒரு நப்பாசை. மாறவில்லை.

"புது வீட்டுக்குப் போனப்ப வரலை. என் பொண்ணு பட்டம் வாங்கினப்ப வரலை. ரெண்டு தடவையும், 'அடுத்த வாரம் கார்லயே வந்துடறோம்'னு சொன்னே. எந்த வருஷத்து அடுத்த வாரம்னு நான்தான் கேட்காம விட்டுட்டேன். எனக்குப் புரியாமலா இருக்கு? உன் வீட்டுக்காரருக்கு நாங்க தையக்காரங்க. எங்க வாசல்ல கால் வச்சா அவரு கௌரவம் குறைஞ்சிடும்."

"அப்படி எல்லாம் இல்லடி."

"பின்னே எப்படி? சொல்லு."

எப்படி என்று அக்காவுக்கே தெரியவில்லை.

"இந்தத் தடவையும் அவர் வரலேன்னா, அக்கா, நான் உனக்குப் போன் பண்றது இதுவே கடைசி. கோபத்துல சொல்லலை. யோசிச்சுத்தான் சொல்றேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் பயமில்லை. தங்கையின் கோபம் கொதிக்கிற பால் மாதிரி, அடுப்பை அணைத்தால் இறங்கிவிடும். யோசித்துச் சொன்னால்தான் ஆபத்து. முதலாளியிடம் யோசித்துச் சொல்லிவிட்டுத்தான் வேலையை விட்டாள். எத்தனையோ வருஷம் அடுத்தவர் கடையில் மற்றவர் சட்டைக்குக் கை வைத்துக் கொடுத்தவள், இப்போது பக்கத்து நகரத்தில் தன் பெயரில் கடை திறக்கிறாள். அந்த வாசலில் அக்கா நிற்காவிட்டால் அப்புறம் எந்த வாசலில் நிற்பது?

பக்கத்து நகரம் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. காலைக் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால், அந்தக் காப்பி வயிற்றில் ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நடுவில் ஒரு பாலம், ஒரு சுங்கச்சாவடி, அவ்வளவுதான். அதிலும் மாஸ்டர் யார்? இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். வீட்டின் முன் அறைதான் டிரைவிங் ஸ்கூல். வீட்டில் கார் நிற்கிறது. காருக்குள் பெட்ரோலும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கார் ஒருநாளும் பாலத்தைத் தாண்டியதில்லை.

"போகலாமே," என்றார் மாஸ்டர். எப்போதும் அப்படித்தான் சொல்வார். "போகக்கூடாதுன்னு யார் சொன்னது? ஆனா முறையா போகணும். வா, உட்காரு."

"எங்கே?"

"பெஞ்சுல."

மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் மாஸ்டரம்மா உட்கார்ந்தாள். ஒரு பக்கம் வெட்டித் திறந்து வைத்த பழைய கியர்பெட்டி, இன்னொரு பக்கம் சுவர் நிறைய சாலைக் குறிகள். மாஸ்டர் கரும்பலகையைத் துடைத்து இரண்டு கட்டம் போட்டார்.

"இது நம்ம வீடு. இது உன் தங்கச்சி கடை. நடுவுல என்ன இருக்கு?"

"ரோடு இருக்கு."

"ஆபத்து இருக்கு," என்று திருத்தினார் மாஸ்டர். வகுப்புக்கென்று வைத்திருந்த பொம்மைக் கார்களில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது நாம." எதிரே ஒரு பொம்மை லாரியை வைத்தார். "இவன் தூங்கிக்கிட்டே வர்றான்."

"ஏன் தூங்கறான்?"

"லாரிக்காரன்னா தூங்கத்தான் செய்வான்."

"ஹார்ன் அடிச்சு எழுப்பிட்டுப் போவோம்."

"விளையாடாதே. சரி, லாரி போயிடுச்சுன்னே வச்சுக்கோ. காலையில கிளம்பினா வெயில் நேரா கண்ணுல அடிக்கும். சாயங்காலம் திரும்பினா அப்பவும் கண்ணுல அடிக்கும். ரோடு போட்டவன் யோசிக்காம போட்டிருக்கான்."

"அப்ப சூரியனுக்கு லீவு விடற நாளா பார்த்துச் சொல்லுங்க, கடை திறப்பைத் தள்ளி வைக்கச் சொல்றேன்."

மாஸ்டர் காதில் வாங்கவில்லை. டயருக்குக் காற்று, மழை வந்தால் குடை, வண்டி நின்றுபோனால் கட்டி இழுக்கக் கயிறு, அந்தக் கயிறு அறுந்தால் இன்னொரு கயிறு என்று பாலைவனத்தைக் கடக்கப் போகிறவர் மாதிரி போய்க்கொண்டே இருந்தார்.

"ஏங்க," என்றாள் மாஸ்டரம்மா, "பேசாம பஸ்ல போயிடலாமே. வாசல்ல ஏறினா வாசல்ல இறங்கலாம்."

மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறான்னா, இந்த ஊர்ல யாராவது நம்மகிட்ட படிக்க வருவாங்களா? டிக்கெட் கிழிக்கிறவனே சிரிப்பான். அவனும் என்கிட்ட படிச்சவன்தான்."

அதுவும் நியாயம்தான். நியாயமாகவே பேசிப் பேசி இரண்டு முறை தங்கை வீட்டுக்குப் போகவிடாமல் செய்தவர் அவர். இந்த முறை மாஸ்டரம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

"முறையாவே போவோம். ஆனா ஞாயித்துக்கிழமை போவோம். முதல்ல ஒரு ஒத்திகை. இன்னிக்கு வகுப்பு இல்லை. பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிட்டு வருவோம், கிளம்புங்க."

மாஸ்டர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மாஸ்டரம்மா வழக்கம்போலப் பின் சீட்டில் ஏறினாள். மாஸ்டர் வழக்கம்போல முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். காலுக்கடியில் அவருக்கென்று பொருத்தியிருந்த இரண்டாவது பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

தெருவில் ஒருவர் நாயோடு நடந்து போனார். நாய் காரைப் பார்த்தது.

"கிளம்பலாமே," என்றாள் மாஸ்டரம்மா.

"ம்."

"யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கோம்?"

மாஸ்டர் திரும்பி டிரைவர் சீட்டைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்கி, காரைச் சுற்றி வந்து, ஏதோ அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்காருகிறவர் மாதிரி அந்த சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

கண்ணாடியைச் சரிசெய்தார். மறுபடி சரிசெய்தார். கார் தெருமுனை வரை ஒழுங்காகத்தான் போனது. பெரிய சாலையில் திரும்பும் இடத்தில் தண்ணீர் லாரி ஒன்று வந்தது. தூங்காமல், ஒழுங்காகத்தான் வந்தது. மாஸ்டரின் கால் பிரேக்கைத் தேடியது. முப்பது வருஷமாக அது இருந்த இடத்தில் தேடியது. அந்த இடம் இப்போது பக்கத்து சீட்டில் இருந்தது. கார் ஒரு குலுங்கு குலுங்கி நாற்சந்தி நடுவில் நின்றுபோனது.

நாலு பக்கமும் ஹார்ன். மாஸ்டர் சாவியைத் திருகினார். கார் ஓர் எட்டு துள்ளி மறுபடி நின்றது. அப்போது பின்னாலிருந்த பால் வண்டியிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது.

"மாஸ்டர்! கிளட்ச்சை மெதுவா விடுங்க மாஸ்டர்! நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்!"

"வண்டியில ஏதோ கோளாறு," என்றார் மாஸ்டர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

பால் வண்டிக்காரர் தங்கமான மனிதர். தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து, "தள்ளி உட்காருங்க மாஸ்டர், நான் வீட்டுல விட்டுட்டு வர்றேன்," என்றார். மாஸ்டர் பக்கத்து சீட்டுக்கு வந்தார். வந்ததுதான் தாமதம், முதுகு நிமிர்ந்தது, குரல் திரும்பியது.

"கையைக் காட்டுய்யா! கண்ணாடியைப் பாரு! என்ன அவசரம், ஆஸ்பத்திரிக்கா போறோம்?"

ஆஸ்பத்திரி என்றதும் மாஸ்டரம்மாவுக்குப் பின் சீட்டில் பொறி தட்டியது. மகன் பிறந்த அன்று இதே மாதிரி பின் சீட்டில் படுத்துக்கொண்டு போனாள். அன்றும் யாரோ ஒரு மாணவன்தான் ஓட்டினான். அவள் வலியில் கத்த, "அவ கத்தறதைக் கவனிக்காதே, கிளட்ச்சைக் கவனி!" என்று மாஸ்டர் அதைவிடப் பெரிதாகக் கத்தினார். மளிகை வாங்கப் போனாலும் ஒரு மாணவன். மருந்து வாங்கப் போனாலும் ஒரு மாணவி. பிள்ளைகளுக்குப் பழக்கம் வரட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றைக்கு முன்னால் இந்த மனிதர் வண்டி ஓட்டி அவள் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் பானெட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "கார்புரேட்டர்ல அடைப்பு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகாது," என்றார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. கார்புரேட்டரைத்தான் பார்த்தார்.

மாஸ்டரம்மா சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். 'அவருக்குத் திமிர் இல்லடி, பயம்' என்று தங்கையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வயிறு வலிக்கச் சிரிப்பாள், உடனே மன்னித்துவிடுவாள். ஆனால் அவள் வாய் சும்மா இருக்காது. அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் சொல்லி முடித்துவிடுவாள். ஒரு வாரத்தில் இங்கே வந்து சேர்ந்துவிடும். திமிர் பிடித்தவர் என்று பேரெடுத்த மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்தலாம். பயந்தாங்கொள்ளி என்று பேரெடுத்தவர் என்ன நடத்துவது? ஆகவே திமிர் இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். பீன்ஸ் இரண்டு வேளைக்கு ஆகும் அளவுக்கு நறுக்கியிருந்தாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

நாலு வீடு தள்ளிப் பல் டாக்டரின் கிளினிக். சின்ன வயசுப் பெண். எவ்வளவு ஆடுகிற பல்லையும் கை ஆடாமல் பிடுங்குவாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் கையும் ஆடும், காரும் ஆடும். மாஸ்டரிடம் படித்து டெஸ்ட்டில் இரண்டு முறை கோட்டைவிட்டவள்.

"எந்தப் பல்லும்மா?" என்று விளக்கை இறக்கினாள் டாக்டர்.

"பல்லு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை நீ சும்மாதானே?"

"டெஸ்ட்டுக்குப் படிக்கணுமே."

"படிச்சுப் படிச்சுத்தான் ரெண்டு தடவை போச்சு. ஓட்டிப் பாரு. பக்கத்து ஊருக்கு நாங்க போறோம். நீ ஓட்டு, மாஸ்டர் பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுப்பாரு."

டாக்டர் கையிலிருந்த கண்ணாடிக் கரண்டியைத் தட்டில் போட்டாள். "ஹைவேயா? நானா? லாரி எல்லாம் வருமே!"

"வரட்டுமே. உன் மெஷின் சத்தத்தைக் கேட்டு இந்த நாற்காலியில எத்தனை பேர் நடுங்கறாங்க. அவங்ககிட்ட என்ன சொல்றே?"

"ஒண்ணும் ஆகாது, வாயைத் திறங்கன்னு சொல்வேன்."

"உனக்கும் அதேதான். ஒண்ணும் ஆகாது, கண்ணைத் திற."

டாக்டர் சிரித்துவிட்டாள். அப்புறம் சந்தேகம் வந்தது. "ஏம்மா, மாஸ்டரே ஓட்டினா சீக்கிரம் போய்ச் சேரலாமே?"

"அவரே ஓட்டினா அப்புறம் நீ எப்ப கத்துக்கறது?" என்றாள் மாஸ்டரம்மா. வந்ததற்கு மரியாதையாக வாயைத் திறந்து ஒருமுறை காட்டிவிட்டு எழுந்தாள்.

வீட்டில் மாஸ்டர் இன்னும் பானெட்டுக்குள் இருந்தார்.

"அந்த டாக்டர் பொண்ணு கெஞ்சறா," என்றாள், வாசல் குழாயடியில் பாத்திரத்தை விளக்கிக்கொண்டே. "ஹைவேல ஒரு தடவை ஓட்டிப் பழகினாத்தான் பாஸ் பண்ணுவாளாம். அதைச் சொல்லித்தர உங்களை விட்டா இந்த ஊர்ல ஆள் கிடையாதாம். ஞாயித்துக்கிழமைதான் அவளுக்கு லீவு. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்."

பானெட்டுக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. "ஏன் அப்படிச் சொன்னே?"

"கார்புரேட்டர்ல அடைப்புன்னீங்களே."

"அது சரியாயிடுச்சு," என்றார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததும் வராததுமாகக் கிளம்பினார்கள். முன்னாலும் பின்னாலும் சிவப்பில் பெரிய எல் போர்டு. டாக்டர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் மாஸ்டர் ராஜா மாதிரி இருந்தார். அவருக்கு வெயில் கண்ணில் அடிக்கவில்லை, லாரி உறுத்தவில்லை.

"பயப்படாதே. ரோடு உன்னைக் கடிக்காது. நாலாவது கியர் எதுக்கு இருக்கு? அழகுக்கா?"

"இதுக்கு மேல போனா பறந்துடும் மாஸ்டர்!"

"உன்னை சைக்கிள்காரன் முந்திக்கிட்டுப் போறான், நீ பறக்கறதைப் பத்திப் பேசறே."

உண்மையிலேயே முந்திக்கொண்டு போனான். போகும்போது பரிதாபமாக ஒரு பார்வையும் பார்த்தான். பாலம் வந்தது. ஆயிரம் தடவை தாண்டியவர் மாதிரி மாஸ்டர், "இதுதான் பாலம்," என்றார். மாஸ்டரம்மா பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டாள். ஓட்டுகிறவளும் மூடிக்கொண்டுவிட்டாளோ என்ற பயத்தில் உடனே திறந்தாள்.

போன் அடித்தது.

"அக்கா, எங்கே இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு."

"வந்துக்கிட்டே இருக்கோம்டி."

"மாமா?"

"அவரும்தான்."

"போனை அவர்கிட்ட குடு பார்ப்போம்."

"இப்ப முடியாது. பாடம் நடத்திக்கிட்டிருக்காரு."

"ஓடற வண்டியில என்ன பாடம்? கதை விடாதே அக்கா. அவர் வரலை, அதானே?" போன் வைக்கப்பட்டது.

சுங்கச்சாவடியில் கார் நின்றது. நின்றது நின்றதுதான். டாக்டர் கிளட்ச்சை விட, அது துள்ளி அடங்க, பின்னால் வரிசை நீண்டது. வாசலில் ரிப்பனும், ரிப்பனுக்குப் பின்னால் தங்கையின் முகமும் மாஸ்டரம்மாவின் கண் முன்னால் வந்து நின்றன.

"ஏங்க, நீங்கதான் கொஞ்சம்..." என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

மாஸ்டர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். ஹார்ன் அடித்தவர்களைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "என்னய்யா சத்தம்? நீங்க எல்லாம் பிறக்கும்போதே லைசென்ஸோட பிறந்தீங்களா? கத்துக்கிட்டிருக்கா இல்லே? போர்டு தெரியலை?"

ஹார்ன் நின்றுவிட்டது. பின்னால் ஒரு வேனிலிருந்து, "மாஸ்டர்! நம்ம மாஸ்டர்!" என்று ஒரு பழைய மாணவரின் குரல் வந்தது. மாஸ்டர் கையை ஆட்டிவிட்டு ஏறினார். டாக்டர் பக்கம் குனிந்து மெல்லிய குரலில், "மூச்சை விடு. பல்லு பிடுங்கும்போது அவசரப்படுவியா? அதே கைதான் இது. மெதுவா விடு," என்றார். டாக்டர் மெதுவாக விட்டாள். கார் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது.

மனிதருக்கு வேலை தெரியாமல் இல்லை என்று அப்போது நினைத்தாள் மாஸ்டரம்மா. சீட்டைத்தான் மாற்றக்கூடாது.

கடைத்தெருவில் நுழையும்போது கடைவாசலில் கூட்டம் தெரிந்தது. பாதிப் பேர் ஏற்கெனவே ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போய் நாற்காலிகளைப் பிடித்திருந்தார்கள். துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு தங்கை நடைபாதையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

கார் ஒரு சக்கரம் நடைபாதைமேல் ஏற நின்றது. பின் கதவைத் திறந்து மாஸ்டரம்மா இறங்கினாள். தங்கை அவளைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு பெண். பக்கத்து சீட்டிலிருந்து காலரைச் சரிசெய்துகொண்டு இறங்குகிற மாமா. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எல் போர்டையும் பார்த்தாள். கணக்குப் போடத் தெரிந்தவள் தங்கை. துணியைத் தொட்டே எவ்வளவு மிச்சமாகும் என்று சொல்லுகிறவள்.

"யாரு ஓட்டிக்கிட்டு வந்தது?" என்றாள் தங்கை.

"டாக்டர்," என்றாள் அக்கா. அது பொய் இல்லை.

"டாக்டரா?"

"டாக்டர்தான். எங்க தெருவுலயே பெரிய கிளினிக்."

தங்கை டாக்டரைக் கண்ணாலேயே அளவெடுத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். கத்தரிக்கோலும் அவளோடு திரும்பியது.

"பார்த்தீங்களா? எங்க மாமா! என் கடை திறப்புக்கு டாக்டரையே டிரைவரா வச்சுக்கிட்டு வந்திருக்காரு!" அக்காவின் காதோரம் வந்து, "திமிருதான்," என்றாள். "ஆனா நமக்காகத் திமிரு பண்ணியிருக்காரு. இப்படிப்பட்ட மனுஷன் கொஞ்சம் திமிரா இருந்தா என்ன தப்பு?"

மாஸ்டர் பணிவாகத் தலையசைத்துக் கூட்டத்தின் வியப்பை ஏற்றுக்கொண்டார்.

மாஸ்டரம்மா ரிப்பனை வெட்டினாள். தங்கை அவள் கையின்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள். "வந்துட்டியேக்கா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மாஸ்டரம்மாவுக்கு ரிப்பன் மங்கலாகத் தெரிந்தது. கோணலாகத்தான் வெட்டினாள். தையக்காரி ஒன்றும் சொல்லவில்லை.

டீயும் பிஸ்கட்டும் வந்தன. மெஷின்களையும், அளவெடுக்கத் தடுத்த சின்ன அறையையும், நூல்கண்டு அலமாரியையும் தங்கை ஒவ்வொன்றாகக் காட்டி முடித்தபோது மாஸ்டர் மெல்ல மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"டாக்டரைக் காணோமே."

"சொல்லிக்கிட்டுப் போயிட்டா. பஸ்ல."

"பஸ்லயா?"

"வர்றப்ப பார்த்ததே ஆயுசுக்கும் போதுமாம். ஆனா டெஸ்ட்டு பாஸ் பண்ணிடுவேன்னு தைரியமா சொல்றா. உங்களுக்கு ஆயிரம் நன்றி சொல்லச் சொன்னா."

மாஸ்டர் வாசலுக்கு வெளியே பார்த்தார். கார் நடைபாதைமேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் சீட் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றார். மாஸ்டரம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் தங்கச்சிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

"தெரியாதே. தையல் மெஷின்தான் தெரியும்."

"மெஷின் மிதிச்சுப் பழகின கால்தான்," என்றார் மாஸ்டர். முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. "கத்துக்க ஆசை இருக்கான்னு கேட்டுப் பாரேன். கெட்டிக்காரி. ஒரே மாசத்துல தயார் பண்ணிடுவேன். நம்மை ஊர்ல கொண்டுவந்து விடற அளவுக்கு."

மாஸ்டரம்மா டீயை ஒரு மிடறு குடித்தாள். ஒரு மாசம். தங்கை வீடு. பாலத்துக்கு இந்தப் பக்கம்.

"கேட்டுப் பார்க்கறேன்," என்று உள்ளே போனாள்.

"மாமாவா?" என்று தங்கை போட்ட சத்தத்தில், அளவு கொடுத்துக்கொண்டிருந்தவர் கையை இறக்கிவிட்டார். "எங்க வீட்டுலயா? ஒரு மாசமா? எனக்குச் சொல்லிக்கொடுக்கவா? ஐயோ அக்கா, நீ தப்பா நினைச்சுக்காதே, அவரைப் போய் என்னென்னமோ சொல்லிட்டேன். நமக்காக ஸ்கூலையே மூடிட்டு உட்கார்றேங்கறாரே! இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு?"

"யாருக்கும் வராதுதான்," என்றாள் மாஸ்டரம்மா. காலியான டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் டீ ஊத்து," என்றாள்.